மகள் என் நெஞ்சில் கிடந்த கால் மணி நேரம்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம். எங்கள் மலையூர் சின்னக்கானலில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எதிரே வருகிற வண்டி கிட்டத்தில் வந்த பிறகுதான் அதன் விளக்கே தெரியும். தேயிலைக் காடு மொத்தமும் மேகத்துக்குள் போய்விடும். நான் ஜீப் ஓட்டுகிறவன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு போவதுதான் பிழைப்பு. மழையில் அந்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் என் மகள், டாக்டர் சொன்ன நாளுக்கு ஐந்து வாரம் முன்னதாகவே பிறந்தாள்.

மனைவிக்கு பிரஷர் ஏறிவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். என் ஜீப்பிலேயே பின்னால் என் அக்காவை உட்காரவைத்து, அவள் மடியில் மனைவியைச் சாய்த்துக்கொண்டு மலையிறங்கினோம். கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானமே ஆபரேஷன். இரண்டு கிலோகூடத் தேறாத பெண் குழந்தை. என் உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் அடங்கிவிடுகிற நீளம்.

மூன்றாம் நாள் அவள் முகம் மஞ்சளாகத் தொடங்கியது. மஞ்சள் காமாலை, லைட்டில் போட வேண்டும் என்றார்கள். குழந்தைகள் பிரிவு தரைத்தளத்தில். பிரஷரும் குறையாமல், கூடவே காய்ச்சலும் வந்து, எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லப்பட்ட என் மனைவி மூன்றாவது மாடியில். இரண்டு பேருக்கும் நடுவே படி ஏறி இறங்குவதுதான் என் வேலை. பால் அவளுக்குச் சரியாக ஊறவில்லை. அக்கா பொறுமையாகப் பிழிந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் சேர்த்துத் தருவாள். நான் அதைச் சிந்தாமல் கீழே கொண்டுபோய் நர்ஸிடம் கொடுப்பேன்.

அந்த அறையை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாமே நீலம். சுவர், துணி, நர்ஸின் கை, எல்லாம். அந்த வெளிச்சத்துக்கு நடுவே கண்ணைக் கட்டி, வெறும் நாப்கினோடு என் மகள் கிடந்தாள். தண்ணீருக்கு அடியில் யாரோ தூங்குவதைப் படகிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். வெளியே மழைச் சத்தம், உள்ளே ஒரு மெஷினின் மெல்லிய முனகல். தூக்கமில்லாத நாட்கள் வேறு. பல நேரம் நான் விழித்திருக்கிறேனா, கனவில் நிற்கிறேனா என்பதே பிடிபடாது.

லைட்டில் போட்டதிலிருந்து மஞ்சள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. குதிகாலின் ஓரத்தில் ஊசியால் குத்தி, சொட்டுச் சொட்டாக ஒரு மெல்லிய குழாயில் பிடிப்பார்கள். முதல் தடவையே ஒரு நர்ஸ் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். மலையாளிதான், ஆனால் தேனிப் பக்கம் படித்தவர் என்பதால் நன்றாகவே தமிழ் பேசுவார். அம்மாவால் வரமுடியாது, அச்சன் உள்ளே வந்து பிள்ளையைப் பிடித்துக்கொள்ளலாமே என்று கேட்டார்.

என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு ஊசியைக் கண்டால் ஆகாது. சொன்னால் சிரிப்பார்கள். வளைவில் யானை நின்றால் பதறாமல் வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போகிறவன் நான். ஆனால் ஊசி முனையைப் பார்த்தால் கால் துவண்டுவிடும். "நீங்களே எடுத்துருங்க சிஸ்டர், பச்சப் பிள்ளைக்கு என்ன தெரியப் போகுது" என்று சொல்லிவிட்டு வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்குப் போய், ஜீப்புக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். அவளைத் துணியில் சுற்றி இன்னொரு நர்ஸ் பிடித்துக்கொள்ள, ரத்தம் எடுத்து முடித்தார்களாம்.

மேலே போனபோது மனைவி முதலில் கேட்டது அதைத்தான். ரத்தம் எடுத்தார்களாமே, பிள்ளை அழுதாளா என்று.

"இல்லையே, தூங்கிக்கிட்டே இருந்தா" என்றேன்.

அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும், நல்லதுதான் செய்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்தடுத்த தடவைகளிலும் அதேதான். கீழே ஜீப், மேலே பொய்.

ஐந்தாம் நாள் காலை, பால் கிண்ணத்தோடு இறங்கி வந்தபோது ரத்தம் எடுக்கிற நேரம் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. குத்தியாகிவிட்டது போலிருக்கிறது. என் மகளின் வாய் முழுக்கத் திறந்திருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. முகம் சுருங்கிக் கறுத்து, உடம்பு விறைத்து, அப்படியே நின்றது. அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒன்றிரண்டு நொடியாகத்தான் இருக்கும். பிறகு அந்தச் சத்தம் வந்தது. அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய சத்தம் எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எல்லாம் முடிந்து அவளைத் திரும்பப் படுக்கவைத்த பிறகு கையைக் கழுவிவிட்டுப் பக்கத்தில் போனேன். குதிகாலில் சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒரு விரலால் அந்தப் பாதத்தை மெதுவாகத் தொட்டேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். கண் கட்டியிருக்கிறது, தொடுவது நர்ஸா, நானா, அவளுக்குத் தெரியாது. ஆனால் காலைத் தொட்டால் வலிக்கும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. பிறந்து ஐந்தே நாள். பச்சைப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் முட்டாள்தனம். இனி ஒரு ஊசிகூடக் குத்தக் கூடாது, பிள்ளையை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று முடிவெடுத்தேன். நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்தில் பலரும் போனில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காமாலை எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், காலை வெயிலில் காட்டினால் இறங்கிவிடும் என்று. நேராக அந்த நர்ஸிடம் போய், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் சொல்லுங்கள், போட்டுவிட்டுப் பிள்ளையைக் கொண்டுபோகிறேன் என்றேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்துத் தொட்டிலில் ஒரு குழந்தை திடுக்கிட்டது.

அவர் கோபப்படவில்லை. ஊரில் வெயில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. சின்னக்கானலில் வெயிலைப் பார்த்தே இரண்டு வாரம் ஆகியிருந்தது. வெயில் இருந்தாலும் இந்த அளவு காமாலைக்கு அது போதாது, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியாமல் கொண்டுபோனால் மஞ்சள் தலைக்கு ஏறி மூளையைத் தொட்டுவிடலாம், அது அப்புறம் திரும்பாது என்று பொறுமையாக விளக்கினார். காலையில் எடுத்த ரத்தம் வேறு குழாயிலேயே உறைந்துவிட்டதாம். இன்னொரு தடவை எடுக்காமல் இப்போது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு தடவை என்றதும் நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் எனக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சேட்டா, குத்தாம இருக்க என்னால முடியாது. ஆனா அந்த வலியில பாதிய வாங்கிக்க ஒரு ஆள் இருக்கலாம். அம்மை மேல கிடக்குறாங்க. இங்க இருக்கிறது நீங்க மட்டும்தான்."

எப்படி என்று கேட்டேன். அம்மா பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது குத்தினால் பிள்ளைக்கு வலி குறைவாகத் தெரியும், அதற்கு வழியில்லாதபோது அம்மாவோ அப்பாவோ வெறும் நெஞ்சில் பிள்ளையைப் போட்டு, உடம்போடு உடம்பு ஒட்டவைத்துக்கொண்டாலும் குறையும், நாக்கில் கொஞ்சம் தாய்ப்பாலும் விடலாம் என்றார். இதற்காகத்தான் முதல் நாளே உங்களைக் கூப்பிட்டேன் என்று அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

காலையில் கொண்டுவந்த பால் தீர்ந்திருந்ததால் மறுபடி பாலுக்காக மேலே போனேன். ஊசி இல்லாத ஒரு சின்ன சிரிஞ்சைக் கொடுத்து, இதில் கொஞ்சம் போதும் என்று அனுப்பியிருந்தார்கள். மனைவி எதற்கு என்று கேட்டாள். அப்போதும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பிள்ளை தூங்கவில்லை, ஒவ்வொரு தடவையும் அழுதிருக்கிறாள், நான் ஒரு தடவைகூடப் பக்கத்தில் நிற்கவில்லை, ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். மனைவி அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு அந்தச் சிரிஞ்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க அழுதாலும் பரவால்ல. பிள்ளைய விட்டுட்டு வெளிய வராதீக" என்றாள்.

காய்ச்சலோடு சாய்ந்து உட்கார்ந்து அவளே பாலைப் பிழிந்தாள். ஒரு ஸ்பூன்கூட இருக்காது. அந்தச் சிரிஞ்சை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு படியிறங்கினேன். கொழுக்குமலைப் பாதையில்கூட அவ்வளவு கவனமாக நான் இறங்கியதில்லை.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். சட்டை, பனியன் இரண்டையும் கழற்றச் சொன்னார்கள். சாய்வான ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். குளிரில் உடம்பு சிலிர்த்தது. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது. பிறகு நர்ஸ் என் மகளை அந்த நீல வெளிச்சத்திலிருந்து எடுத்துக் கண் கட்டை அவிழ்த்தார். என் நெஞ்சில் குப்புறப் போட்டு, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு கம்பளியை மூடினார். ஒரு கையை அவள் முதுகிலும் இன்னொரு கையை அடியிலும் வைத்துக்கொள்ளச் சொன்னார். தட்ட வேண்டாம், தடவ வேண்டாம், சும்மா வைத்திருந்தால் போதும், கால் மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கால் மணி நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை நான் அவளைத் தூக்கியதே ஒன்றிரண்டு தடவைதான், அதுவும் துணிச்சுருளோடு. இப்போது அவளுடைய வயிறு என் வயிற்றின்மேல் ஏறி இறங்கியது. ஒரு குருவியின் நெஞ்சுபோல அவளுடைய துடிப்பு. முதலில் அது ஒரு பக்கமும் என்னுடையது ஒரு பக்கமுமாக அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கால்களை மடக்கி, கையை என் கழுத்தெலும்பின் மேல் விரித்து, ஒரு பெருமூச்சு விட்டாள். பெரியவர்கள் வேலை முடிந்து வந்து திண்டில் சாயும்போது விடுவார்களே, அப்படி ஒரு மூச்சு. அதற்குப் பிறகு எது அவளுடைய சூடு, எது என்னுடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மேகம் கீழே இறங்கி மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருந்தது. மழைச் சத்தம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரி, படிகள், மூன்று மாடி எல்லாம் ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டன. மூடுபனிக்குள் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டி தானாக இறக்கத்தில் உருளும்போது ஒரு அமைதி வரும். அப்படித்தான் இருந்தது, ஆனால் பயமில்லை. அரைத் தூக்கத்தில் அவளோடு என்னவோ பேசிக்கொண்டிருந்தேன். வாய்விட்டா, மனசுக்குள்ளா என்பது ஞாபகமில்லை. நம் ஊரில் மலை எப்படியிருக்கும், மழை விட்டதும் அருவிகள் எங்கெங்கே தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என நினைக்கிறேன்.

நர்ஸ் திரும்பி வந்தது கால் சத்தத்தில்தான் தெரிந்தது. சிரிஞ்சிலிருந்து இரண்டு மூன்று சொட்டுப் பாலை அவள் உதட்டோரம் விட்டார். என் மகள் நாக்கை நீட்டி நக்கினாள். இன்னும் கொஞ்சம் விட்டார். சப்ப ஆரம்பித்தாள். சிரிஞ்சை இன்னொரு நர்ஸிடம் கொடுத்துவிட்டு அவர் கீழே உட்கார்ந்து, கம்பளிக்கு வெளியே ஒரு காலை மட்டும் எடுத்து, ரத்தம் எளிதாக வர வெதுவெதுப்பான துணியில் சுற்றி வைத்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என் கால்கள் துவள ஆரம்பித்தது எனக்கே தெரிந்தது. நல்லவேளை, உட்கார்ந்திருந்தேன்.

அவள் அழவே இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். குத்தியபோது உடம்பு ஒரு தடவை துள்ளியது. வீல் என்று ஒரு சின்னச் சத்தம். அவள் விரல்கள் என் தோலைக் கவ்வின. நான் கையை எடுக்கவில்லை. இன்னொரு சொட்டுப் பால் உள்ளே போனது. சத்தம் சிணுங்கலாகி, சிணுங்கல் மூச்சாகி, மறுபடியும் சப்பத் தொடங்கினாள். அந்த வாய் திறந்த மௌனம் வரவேயில்லை. கீழே ரத்தம் சொட்டிக்கொண்டிருக்க, மேலே அவள் முகம் என் நெஞ்சில் அழுந்திக் கிடந்தது.

இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்ணைத் திறக்காமலேயே கேட்டேன்.

"முடிஞ்சது, சேட்டா. பஞ்சு வெச்சு அமுக்கிட்டிருக்கேன். மோளு உறங்கிட்டா" என்றார்.

கண்ணைத் திறந்து பார்த்தபோது என் முகம் முழுக்க நனைந்திருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவியிடம் நான் சொன்ன பொய் அன்றைக்குத்தான் உண்மையானது.

ரத்தத்தின் முடிவு மத்தியானம் வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தே சொன்னார். மஞ்சள் நேற்றைவிட நன்றாக ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் பிள்ளையின் ரத்தத்தையே மாற்ற வேண்டிவரும் என்றார். உடனே அவளுக்கு அடியிலும் ஒரு லைட் வைத்தார்கள். அவளை வெளியே எடுப்பதைக் குறைத்தார்கள். டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது என் மனசு வேறு எங்கோ இருந்தது. காலையில் நான் கேட்ட காகிதத்தைக் கொடுத்திருந்தால், இந்நேரம் மேகத்துக்குள் மலையேறிக்கொண்டிருப்போம். வெயில் வரும் என்று லயத்து வாசலில் காத்திருப்போம். மஞ்சள் ஏறி அசந்து கிடப்பது தெரியாமல், தூங்கிக்கொண்டே இருக்கிறாளே, நல்ல பிள்ளை என்றுகூட நினைத்திருப்போம்.

சாயங்காலம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை அவளை நெஞ்சில் போட முடியாது. அதற்கும் நர்ஸ் ஒரு வழி காட்டினார். லைட்டுக்கு அடியிலேயே கையை நுழைத்து, ஒரு கையால் தலையைக் கிண்ணம்போல் பொத்தி, இன்னொரு கையால் மடங்கிய கைகால்களை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும், வயிற்றுக்குள் இருந்தது போல. என் கைகள் இரண்டும் நீலமாயின. அவளும் நீலம். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. ஊசியைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் சுருங்கி, விரிந்தது.

மறுநாள் மஞ்சளின் அளவு ஏறாமல் நின்றது. அதற்கு அடுத்த நாள் இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு முன்கூட்டியே போய் நிற்பேன். எட்டாம் நாள் மனைவிக்குக் காய்ச்சல் விட்டு, சக்கர நாற்காலியில் கீழே வந்தாள். கடைசியாக ஒரு தடவை ரத்தம் எடுத்தபோது மகள் அவள் மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். குத்தியபோது ஒரு நொடி நிறுத்திவிட்டுத் திரும்பவும் குடிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்குச் சந்தோஷம்தான். கூடவே கொஞ்சம் பொறாமையும் இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

கிளம்புகிற அன்று நர்ஸிடம் நன்றி சொல்லப் போனேன். வார்த்தை ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. அன்று ஏன் என்னைத் திட்டவில்லை என்று கேட்டேன். பயந்துபோய் நிற்கிறவரைத் திட்டினால் இன்னும் தூரமாகத்தான் போவார், அவருக்கும் ஒரு வேலை கொடுத்தால் கிட்டே வருவார் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அடுத்த தொட்டிலைப் பார்க்கப் போய்விட்டார்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. தடுப்பூசி, காய்ச்சல் ஊசி எதற்குப் போனாலும் அவளை மடியில் வைத்துக்கொள்வது நான்தான். எனக்கு ஊசிப் பயம் போகவில்லை; இன்றும் கால் துவளும், அதனால் உட்கார்ந்தே பிடித்துக்கொள்வேன். போன மாதம் தடுப்பூசி போடுகிற சப் சென்டரில், உள்ளே குழந்தை அழ, வெளியே வராந்தாவில் போனை நோண்டிக்கொண்டு ஒரு இளம் தகப்பன் நின்றான். அவன் போனில் எதையும் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளச் சொன்னேன். போனான்.

என் மகளுக்கு அந்த நாட்கள் எதுவும் நினைவில் இருக்காது. குதிகாலில் ஒரு தழும்புகூட இல்லை. ஆனால் நமக்குப் பிரியமானவர்களின் வலியை நிறுத்த நம் கையில் ஒன்றுமில்லை என்று தோன்றுகிறபோதெல்லாம், எழுந்து வெளியே போய்விடாமல் கிட்டே இருக்கலாமே என்று என்னை இழுத்து உட்காரவைப்பது அந்தக் கால் மணி நேரம்தான்.